குளிர்த்தி முடியும் வரை

"மதுஷன்" என்று டிலக்சன் அண்ணா சொன்னார். அதோடு படம் உறைந்துவிட்டது.

வாய் பாதி திறந்தபடி நின்றது. அவருக்குப் பின்னால் யாரோ ஒருவரின் முதுகு, சுவரில் எனக்கு விளங்காத எழுத்து. கொஞ்ச நேரத்தில் அந்தப் படமும் போய், லப்டொப்பின் மூலையில் வைஃபை அடையாளத்தின் மேல் பெருக்கல்குறி போலச் சிவப்புப் புள்ளடி விழுந்தது.

மீண்டும் இணைக்கச் சில நிமிடங்கள் ஆயின. அதற்குள் அவர் போய்விட்டார். ஸ்கைப்பில் ஒரு வரி மட்டும் கிடந்தது. "தங்கச்சி, உங்கட லைன் சரியில்ல. பிறகு வாறன்."

மதுஷன் என் அண்ணன். வயரிங் வேலை செய்தவன். சுனாமியில் நாவலடியில் இருந்த எங்கள் வீடு அத்திவாரத்தோடு போனது. அப்பாவும் போனார். அடுத்த வருடம் முல்லைத்தீவுப் பக்கம் சுனாமி வீடுகள் கட்டுகிறார்கள், வயரிங் தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஒரு கொந்தராத்துக்காரர் கேட்டுவந்தார். அண்ணனும் அவனுடைய கூட்டாளி டிலக்சனும் போனார்கள். லீவில் வந்து வந்து போனார்கள். பிறகு சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வரவில்லை.

யுத்தம் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன் அண்ணன் எங்கிருந்தோ ஒரு தடவை போன் எடுத்தான். "அம்மா சாப்பிட்டாவா?" என்று கேட்டான். அதுதான் கடைசி. யுத்தம் முடிந்தது. அம்மாவும் நானும் வவுனியா முகாம்களுக்குப் போய்க் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். வேறு மதுஷன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருடம் போய்விட்டது.

இந்த வைகாசியில்தான் டிலக்சன் அண்ணா என்னை ஸ்கைப்பில் தேடிப்பிடித்தார். பாங்கொக்கில் ஒரு அறைக்குள் பலரோடு ஒளிந்திருந்தார். கள்ளமாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எந்த நாளிலும் கப்பலில் ஏற்றுவான் என்று சொன்னார். முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"அம்மா பக்கத்தில நிக்கிறாவா?"

"ஹோலில இருக்கிறா."

"அப்ப நீங்க மட்டும் கேளுங்க தங்கச்சி. போனில சொல்லப் பயமாக் கிடக்கு. எழுதவும் மாட்டன். முகத்தைப் பாத்துத்தான் சொல்லவேணும். கப்பல் ஏறினாப் பிறகு நானும் இருப்பனோ தெரியாது. ஆரிட்டயாவது குடுத்திட்டுப் போகவேணும்."

"என்னத்த அண்ணா?"

"மதுஷன்" என்றார். அப்போதுதான் இணைப்பு அறுந்தது.

*

நான் பௌதிகவியலும் கணிதமும் படித்தவள். பட்டம் கிடைத்து ஒரு வருடமாகியும் வேலை கிடைக்கவில்லை. தன்னாமுனைப் பக்கம் எங்களுக்குக் கிடைத்த சுனாமி வீட்டில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். சுவிசில் இருக்கும் சித்தப்பா பழைய லப்டொப் ஒன்றை அனுப்பி, வீட்டுக்கு இன்டர்நெட் லைனும் எடுத்துத் தந்தார். வேலைகளுக்கு விண்ணப்பிக்க உதவும் என்றார். ஹோலில், சுவாமிப்படத் தட்டின் கீழே, றவுட்டர் இருந்தது. அங்கேதான் பிளக் குத்துகிற இடம் இருந்தது. லப்டொப் என் அறையில். நடுவில் ஒரு சுவரும் ஒரு கதவுச்சீலையும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று செய்முறை வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படியே செய்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லப்டொப் தானாகவே வைஃபையை நிறுத்துவதுண்டு. அந்த வசதியை எடுத்துவிட்டேன். வைஃபை மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். றவுட்டரின் அலைவரிசையை மாற்றினேன். மேசையைச் சுவரோடு ஒட்டி இழுத்தேன். பிறகு ஒரு பெரிய கோப்பை இறக்கவிட்டுக் காலையிலிருந்து மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையும் அறவில்லை.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் டிலக்சன் அண்ணா வந்தார். "கேக்குதா?" என்றார். "கேக்குது, சொல்லுங்க" என்றேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அது மாத்தளனுக்கு இங்கால..." என்றார். மாத்தளன், கடைசிச் சண்டை நடந்த கரையோரம். சிவப்புப் புள்ளடி விழுந்தது.

லப்டொப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏறாவூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஹமீட் நானா கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். எனக்கு ஆட்கள் நிற்கிற கடைக்குள் போகவே கூச்சம். ஒருவர் வெளியே வரும்வரை வாசலில் நின்றேன். உள்ளே இன்னொருவர் இருந்தார்.

"என்ன தங்கச்சி, வாசல்ல நிண்டா வருத்தம் மாறுமா? உள்ளுக்கு வாங்க. ஆருக்குச் சுகமில்ல?"

"இதுக்குத்தான் நானா. வைஃபை விட்டு விட்டுப் போகுது."

"எந்நேரமும் போகுதா?"

"இல்ல. கதைக்கக்குள்ள மட்டும்."

"ஆரோட கதைக்கக்குள்ள?"

நான் லப்டொப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"சரி சரி, கேக்கல்ல. மாப்பிள்ளையோட கதைக்கக்குள்ள லைன் போனா அது மிசின்ட பிழையில்ல. மாப்பிள்ளைட பிழை."

கடையில் இருந்தவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"அண்ணாட கூட்டாளி" என்றேன். "அண்ணா வன்னியில இருந்தவர்."

ஹமீட் நானா சிரிப்பை விட்டார். லப்டொப்பைத் திருப்பி, அடியில் இருந்த ஆணிகளைக் கழற்றினார். உள்ளே வைஃபை அட்டையில் கொழுவியிருந்த மெல்லிய வயர்களைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் அமத்தினார். கடையின் இணைப்பில் போட்டுப் பார்த்தார். நெடுநேரம் ஓடவிட்டார். அறவில்லை.

"இதில ஒரு குறையும் இல்ல தங்கச்சி. என்ட பொஞ்சாதிட மிசின விட இது திறம். வீட்டுலதான் ஏதோ கிடக்கு. தகரக்கூரையா?"

"ஓடு."

"கரண்ட் கூடிக்குறையுதா?"

"பாக்கவேணும்."

"பாருங்க. சரிவரல்ல எண்டா இஞ்ச வந்து கதைங்க. நான் காதைப் பொத்திக்கொள்றன்."

நான் தலையை ஆட்டினேன். கடையில் வைத்துக் கதைக்கிற கதையா இது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

*

வீட்டில் அம்மா மடிப்பிச்சை எடுக்கப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், அம்மா பிறந்த ஊர் இருக்கிறது. அங்கே கண்ணகை அம்மன் கோயிலுக்கு வைகாசியில்தான் கதவு திறப்பார்கள். ஒரு கிழமைச் சடங்கு. கடைசி இரவு, அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி. அன்றைக்குப் பொங்க வேண்டிய அரிசியை நேர்த்தி வைத்தவர்கள் வீடு வீடாகப் போய்ச் சேலை மடியில் ஏந்தி எடுப்பார்கள். அண்ணன் வந்து சேரவேண்டும் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார்.

எங்கள் வேலிக்கு அடுத்த வீடு செசீலியா ரீச்சருடையது. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அம்மா அங்கே போகத் தயங்கி ஒழுங்கையில் நின்றதைக் கண்டு அவரே அரிசி அளக்கும் சுண்டை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"என்னகா சீதேவிப்பிள்ளை, எங்கட வீட்டு அரிசி உங்கட அம்மாளுக்குச் சமிக்காதா?"

"ஐயோ ரீச்சர், அப்பிடியில்ல."

"அப்ப ஏந்து. மதுஷனுக்கு நானும் மாதாவிட்ட மெழுகுதிரி கொளுத்தித்தான் கிடக்கு. ரெண்டு பேருமாச் சேந்து தேடட்டும்."

அம்மா சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு காலம் என்று நான் நினைத்தேன். மடியை விரித்துக் குனிந்து அரிசியை வாங்கினார்.

அன்று பின்னேரம் டிலக்சன் அண்ணா மூன்றாம் தடவை வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"கிட்டடியில ஏத்தப்போறாங்கள் போல" என்றார். "இண்டைக்கு முழுசாச் சொல்லிருவன். நீங்க அழக்கூடாது, என்ன?"

"ஓம். சொல்லுங்க."

"நானும் அவனும் ஒரே பங்கருக்க இருந்த..."

அறுந்தது.

இம்முறை நான் விசைப்பலகையைத் தொடவில்லை. கதிரையில் சாய்ந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது வேகம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப இணைந்ததும் றவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். அது எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்று அதில் ஒரு இடத்தில் எழுதியிருக்கும். காலையிலிருந்து ஓடிய பெட்டி, இப்போதுதான் உயிர்பெற்றதாகச் சொன்னது. அப்படியென்றால் வைஃபை போகவில்லை. வெளியிலிருந்து வருகிற லைனும் போகவில்லை. பெட்டிக்கே கரண்ட் நின்றிருக்கிறது. விசிறிக்கு நிற்காத கரண்ட்.

ஹோலுக்குப் போனேன். அம்மா கீழே பாய் போட்டுச் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கரண்ட் நிண்டதா?"

"இல்லயே."

பிளக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. வயரை அடியிலிருந்து நுனிவரை விரலால் நெரித்து வந்தேன். எங்கும் வெட்டு இல்லை. அம்மா அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த நாள் காலை வரைக்கும் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வந்து படித்துப் போனார்கள். அப்போதும் நிற்கவில்லை. ஒரே ஒரு காரணம் மிஞ்சியது. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பரிசோதிக்காமல் ஒன்றை உண்மை என்று எடுக்கக்கூடாது.

மத்தியானம் அறைக்குள் போய்க் கதவுச்சீலையை இழுத்துவிட்டேன். ஸ்கைப் மூடித்தான் கிடந்தது. லப்டொப்பின் முன்னால் இருந்து, ஆளில்லாத திரையைப் பார்த்து, கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.

"வாங்க டிலக்சன் அண்ணா. ஓம், கேக்குது."

கொஞ்சம் பொறுத்தேன். கதை கேட்கிற மாதிரி "ம்" என்றேன். ஹோலில் சுளகுச் சத்தம் நின்றது.

"சொல்லுங்க அண்ணா. மதுஷன் அண்ணாவுக்கு என்ன நடந்தது?"

திரையின் மூலையில் சிவப்புப் புள்ளடி விழுந்தது.

எழும்பி ஹோலுக்குப் போனேன். அம்மா சுவாமிப்படத் தட்டின் கீழே நின்றார். பிளக் அவர் கையில் இருந்தது.

"அம்மா."

அவர் திடுக்கிடவில்லை. பிளக்கைத் திரும்பவும் குத்தினார்.

"அவன் லைன்ல நிக்கிறானா?"

"இல்லம்மா. ஒருத்தரும் இல்ல. நான் சும்மா கதைச்சனான்."

"என்னைப் பிடிக்கவா?"

றவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தேன்.

"படிச்ச புள்ளதானே" என்றார். பாயில் போய் இருந்து சுளகை மடியில் எடுத்து வைத்தார். ஆனால் அரிசியைத் தொடவில்லை.

"ஏம்மா இப்பிடி? அவரத் தேடி எத்தின முகாமுக்குப் போனம்? ஒருத்தர் தானா வந்து சொல்லுறன் எண்டு நிக்கிறார்."

"கேக்க மாட்டன் எண்டு சொன்னனா? இப்பக் கேக்க ஏலாது. அம்மாளுக்குக் கதவு திறந்தாச்சு. நேத்தி அரிசி வீட்டுக்க கிடக்கு. அவன் ஒரு சொல்லுச் சொல்லி அது என்ட காதில விழுந்தாத் துடக்கு. துடக்கோட நான் எப்பிடிக் கோயில் வாசலுக்குப் போற? ஆருக்காகப் பொங்குற?"

எங்களிடத்தில் தூரத்தில் நடந்த சாவுக்குத் துடக்கு, செத்த அன்றைக்குத் தொடங்குவதில்லை. கேட்ட அன்றைக்குத்தான். கேட்டவர் தலை முழுகி, ஒதுங்கியிருக்க வேண்டும். கோயிலுக்குப் போகக்கூடாது. நேர்த்திப் பொருளைத் தொடக்கூடாது. கேட்காதவருக்கு ஒன்றும் இல்லை.

"அவர் அப்பிடித்தான் சொல்லப்போறார் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமக் கிடக்கட்டும் எண்டுதான் புடுங்கினன்." அம்மா சுளகைப் பார்த்தபடி சொன்னார். "உங்கட அப்பாவுக்கு நான் ஒண்டும் கேக்கக் கிடைக்கல்ல. பிரேதத்தைக் கையில தூக்கித் தந்திட்டாங்க. இவனுக்குத்தான் அம்மாளிட்டக் கேக்கலாம். அதையாவது கேக்கவிடு."

"கப்பல் போயிரும்மா."

"குளிர்த்தி முடியட்டும். மறுகா கேப்பம்."

"மறுகா அவர் இருக்க மாட்டார்."

அம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். எடுத்தது கல்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்தது நடந்தபடிதான் இருக்கும், நாங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். இதை அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

*

அடுத்த நாளே ஸ்கைப்பில் ஒரு வரி வந்தது. "நாளைக்குப் பின்னேரம் ஏத்துறாங்கள். காலமை ஒருக்கா வருவன். அதோட சரி."

நாளைக்குத்தான் குளிர்த்தி.

மறுநாள் காலையில் அம்மா புதுப்பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். நான் லப்டொப்பைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எங்க?"

"ஏறாவூருக்கு. ஹமீட் நானாட கடைக்கு. இதைக் காட்ட."

லப்டொப்பில் குறையில்லை என்று அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து தந்தார்.

"வெயில் ஏறுது. பிடிச்சிட்டுப் போ."

கடையில் நல்லவேளை வேறு யாரும் இல்லை.

"நானா, உங்கட லைன்ல ஒருக்காக் கதைக்கலாமா? ஆரும் இல்லாத இடத்தில."

ஹமீட் நானா பகிடி ஒன்றும் விடவில்லை. கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. உடைந்த மொனிட்டர்களை ஒருபக்கம் ஒதுக்கிக் கதிரை போட்டுத் தந்தார். காதில் மாட்டுகிறதையும் தந்தார். கதவைச் சாத்திவிட்டு முன்னுக்குப் போனார். யாரோ வந்த சத்தம் கேட்டது. "இப்ப ஏலாது. மறுகா வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

டிலக்சன் அண்ணா வந்தார். இது கடை என்று சொன்னேன். அவர் யோசித்தார். "பரவால்ல. இனி என்ன பயம்" என்றார்.

பிறகு சொன்னார்.

யுத்தம் முடிவதற்குக் கொஞ்ச நாட்களுக்கு முன். பகல். அண்ணன் தண்ணீர் எடுக்க வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தான். பங்கர் வாசலுக்குக் கிட்ட வந்துவிட்டான். ஷெல் விழுந்தது. நெஞ்சில் பட்டது.

"கனநேரம் இருக்கல்ல தங்கச்சி. என்ட மடியிலதான் கிடந்தவன். தண்ணிக் கானைப் பாத்து, 'ஊத்துண்டு போச்சுதா?' எண்டு கேட்டான். 'இல்ல' எண்டன். ஊத்துண்டுதான் போயிருந்தது."

"அவர்தானா? சரியாத் தெரியுமா?"

"நான்தானே கண்ணை மூடினன்."

"பிறகு?"

"அந்தப் பங்கருக்குள்ளயே வைச்சு மண்ணைத் தள்ளினன். நாங்க அங்கால ஓடவேணும். சேட்டுப் பொக்கற்றில அவன் கரண்ட் பாக்கிற டெஸ்டர் கிடந்தது. எடுக்க மனமில்ல. அதோடயே மூடிட்டன். பிழையெண்டா மன்னிச்சிருங்க."

பிழையில்லை என்றேன். எந்த இடம் என்று கேட்டேன். அவர் சொன்ன அடையாளங்கள் ஒரு தென்னை, உடைந்த ட்ரக்டர், ஒரு வாய்க்கால். அந்த மண்ணில் எல்லா இடத்திலும் இவைதான் இருந்திருக்கும்.

அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் திரையின் மூலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வைஃபை கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒன்றாவது குறையாதா என்று பார்த்தேன். படம் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"அழாமக் கேட்டீங்க" என்றார் டிலக்சன் அண்ணா. அவர்தான் அழுதுகொண்டிருந்தார். "அம்மாட்ட நீங்க சொல்லுங்க. எப்ப சொல்லுறது எண்டு உங்களுக்குத் தெரியும். நான் வாறன்."

"கவனமாப் போங்க அண்ணா."

கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு அவராகவே நிறுத்தினார்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். ஹமீட் நானா எழும்பி நின்றார்.

"லைன் நிண்டுதா தங்கச்சி?"

"நல்லா நிண்டுது நானா."

அவர் வாய்க்குள் ஏதோ ஓதினார். பஸ் வரும்வரை கடை வாசலில் என்னோடு நின்றார்.

*

வீட்டுக்கு வந்தபோது அம்மா முழுகி, மஞ்சள் சேலை உடுத்து நின்றார். ஹோலில் பானை, அரிசி, வெற்றிலை, தேங்காய் எல்லாம் பாயில் வரிசையாக இருந்தன. படுவான்கரைக்குப் போகிற பெண்களை ஏற்ற லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வரும் நேரம்.

நான் வாசலுக்கு உள்ளே வராமல் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

"என்ன, கதைச்சியா?" என்றார்.

"இல்லம்மா. அங்கயும் லைன் வெட்டுப்பட்டுட்டு."

என் குரல் எனக்கே பிசகாகக் கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் கண், வாய், கை, கையில் இருந்த மடித்த குடை எல்லாவற்றையும் பார்த்தார்.

"சரி" என்றார்.

ஒழுங்கையில் லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. "கெதியா வாங்ககா! சுணங்கினாப் பாதை போயிரும்" என்று யாரோ கூப்பிட்டார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றுகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அம்மா தேங்காய்களைப் பையில் போட்டார். அவருக்கு எல்லாவற்றையும் தூக்கக் கை போதாது. அரிசிப் பொட்டணம் என் காலடிக்குக் கிட்ட இருந்தது. எப்போதும் போல நான் அதைத் தூக்கக் குனிந்தேன்.

"அதில கை வைக்காத!"

நான் நிமிர்ந்தேன். அம்மா வேகமாக வந்து பொட்டணத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அவரது சேலை என்மேல் படாமல் ஒதுக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ கோயிலுக்கு வரவேணாம் புள்ள. உனக்குத் தலையிடிதானே. ஆரும் கேட்டா நான் அப்பிடிச் சொல்லுறன்."

"ஓம்."

"முழுகிட்டுப் படு."

என்னைத் தாண்டிப் போனார். பெண்கள் கை கொடுத்து அவரை மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். அரிசியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். லான்ட்மாஸ்டர் வளைவில் மறைந்தது.

நான் கிணற்றடிக்குப் போனேன். உடுத்த உடுப்போடு தலையில் தண்ணீர் ஊற்றினேன். வாளி வாளியாக ஊற்றினேன். செசீலியா ரீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பிறகு உள்ளே போனார். அவர் வீட்டு றேடியோவின் பாட்டு நின்றது.

அன்று இரவு காற்று அந்தக் கரையிலிருந்து வந்தது. கோயில் ஒலிபெருக்கியில் குளிர்த்தி பாடுவது விட்டு விட்டுக் கேட்டது. பெண்கள் குரவை போடுவதும் கேட்டது. அதற்குள் அம்மாவின் குரலும் இருந்திருக்கும்.

*

அம்மா காலையில் வந்தார். கண் சிவந்திருந்தது, பொங்கல் புகையில் எல்லோருக்கும் அப்படித்தான் சிவக்கும். பானையைச் சமையலறையில் வைத்தார். குளிர்த்தித் தண்ணீர் போத்தலைச் சுவாமிப்படத் தட்டில் வைத்துக் கும்பிட்டார். நீண்ட நேரம் கும்பிட்டார்.

பிறகு மஞ்சள் சேலையை மாற்றிப் பழைய சேலை ஒன்றை உடுத்தார். கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினார். அங்கே இருந்த பீப்பாயில் ஊற்றினார். திரும்பவும் இறக்கினார். நான் கயிற்றில் கை வைக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பீப்பாய் நிரம்பி வழியும் வரை தானே அள்ளி ஊற்றினார். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார்.

கல்லில் குந்தினார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். முடி முதுகில் விழுந்தது. நான் நினைத்ததை விட நரைத்திருந்தது.

"இப்பச் சொல்லு மகள்."

நான் அவருக்கு முன்னால் ஈர மண்ணில் இருந்தேன். அண்ணனின் பெயரைச் சொன்னேன். தண்ணீர்க் கானைச் சொன்னேன், டிலக்சன் அண்ணாவின் மடியைச் சொன்னேன், டெஸ்டரைச் சொன்னேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியும் வரைக்கும் அவர் எழும்பவில்லை.